துத்தம் போடாத பசை

தீப்பெட்டியின் மேல் ஒட்டப்படும் வரிச்சீட்டு, பெட்டியைத் திறந்தால் கிழிந்தே ஆக வேண்டும். கிழியாமல் முழுசாகக் கழன்று வருமானால் அந்தப் பெட்டி, சீட்டே ஒட்டாத பெட்டியாகக் கருதப்படும். அந்தக் காலத்துக் கலால் விதி இதுதான். பின்னாளில் நானும் அதே துறையில் அதிகாரியாகி, இந்த விதியைப் பல முதலாளிகளிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டியிருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பசைச்சட்டி நினைவுக்கு வரும். கடுமையை முகத்தில் நிறுத்தி வைப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத்தான் தெரியும்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் தீப்பெட்டி ஷெட் இருந்தது. உரிமத்தில் தொழிற்சாலை என்று எழுதியிருந்தது. பார்த்தால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் என் தோழிகளும் ஓரமாக உட்கார்ந்துவிடுவோம். குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அப்போதும் ஒரு விதி இருந்தது. அதைச் சோதிக்க வருகிறவர் புறப்படும் முன்பே அவர் வருகிற செய்தி வந்துவிடும். அன்றைக்கு மட்டும் எங்களுக்கெல்லாம் வீட்டுப்பாடத்தில் அக்கறை வந்துவிடும்.

பசை காய்ச்சுவது அம்மாவின் பொறுப்பு. மைதாவைக் கரைத்துக் கொதிநீரில் ஊற்றிக் கிண்டி, இறக்கும்போது ஒரு கை மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவாள். மயில் கழுத்து நிறத்தில் இருக்கும் அந்தக் கல்லைப் போடாவிட்டால் பசையைக் கரப்பான் தின்னும், எலி தின்னும், அவிழ்த்துக்கொண்டு வந்த ஆடு பெட்டியோடு சேர்த்துத் தின்னும். போட்டால் எதுவும் தின்னாது. பதிலுக்கு அது ஒட்டுகிற பெண்களின் விரல் இடுக்கைத் தின்னும். வேலை முடிந்து போகும்போது பெண்கள் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். இதெல்லாம் உலக வழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படி நினைக்காதவள் சித்தி. அம்மாவின் தங்கை. பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவளை வளர்த்தாள். அப்பாவும் முகம் சுளிக்காமல் பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். வேதியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த சித்தி, ஊர் ஊராக இருந்த தொழிற்சாலைகளுக்கெல்லாம் வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பெண்களை இரவு வேலைக்கு வைக்கக்கூடாது என்பது தொழிற்சாலைச் சட்டம். ஆகையால் பகல் வேலைக்கும் வைக்க இயலாத நிலையில் இருப்பதாக அவர்கள் வருத்தத்துடன் பதில் எழுதினார்கள். சட்டத்தை மதிப்பதில் சிலர் அப்படித்தான், கேட்டதற்கு மேலேயே மதிப்பார்கள்.

பம்பாயில் ஒரு கம்பெனி, காய்ச்சத் தேவையில்லாத புதுவிதப் பசை ஒன்றைத் தயாரிப்பதாகக் கல்லூரியில் ஒரு பத்திரிகையில் சித்தி படித்திருந்தாள். தீப்பெட்டிக்கு அது ஒத்துவருமா என்று சோதித்துப் பார்த்து முடிவை எழுதுகிறேன், மாதிரிக்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்கு எழுதினாள். வேலை கேட்டு எழுதிய கடிதங்களைவிட இது நன்றாக வேலை செய்தது. ஒரு பெரிய டின் ரயில் பார்சலில் புறப்பட்டு, கோவில்பட்டியில் இறங்க மறந்து மணியாச்சி வரை போய், அங்கே யாரோ முகவரியைப் படித்துத் திருப்பி அனுப்பி, மாட்டு வண்டியில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடை போலக் கெட்டியாக வெள்ளைக் குழம்பு. அப்பா விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"என்னட்டி இது, புளிச்ச தயிரு மாதிரி நாறுது?"

"அத்தான், இது தண்ணிக்குள்ள மெதக்குற பிளாஸ்டிக் பொடி. கண்ணுக்குத் தெரியாது. தண்ணி வத்துனா பொடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து தோலு மாதிரி ஆயிரும். அப்புறம் காகிதம் கிழியுமே தவிர ஒட்டு விடாது."

"கரப்பான்?"

"பிளாஸ்டிக்க எந்தக் கரப்பானும் திங்காது. இதுக்குத் துத்தமே வேண்டாம். பெட்டி ஒட்டுதவிய கையெல்லாம் வெந்து கிடக்குல்லா, அதுக்குத்தான் சொல்லுதேன்."

அப்பா யோசித்தார். அவருக்கு விரல்களைப் பற்றிய கவலை கொஞ்சம் உண்டு. விறகுச் செலவைப் பற்றிய கவலை அதைவிடக் கூடுதலாக உண்டு. முதலில் வரிச்சீட்டுக்கு மட்டும் ஒட்டிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. சித்தி அன்று ராத்திரியே அறையில் உட்கார்ந்து சில பெட்டிகளில் ஒட்டிவைத்தாள். காலையில் அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார், சீட்டு நார் நாராகக் கிழிந்ததே தவிர வரவில்லை. "பரவால்லியே" என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு மேலான பாராட்டுச் சொல் கிடையாது.

சித்தியின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு எழுதப்போகும் அறிக்கையை வைத்துத்தான் அங்கே வேலை கேட்கப்போகிறாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மற்ற கம்பெனிகளிடம் அவள் காட்ட வைத்திருந்தது பட்டம் மட்டும். இவர்களிடம் காட்ட ஒரு காரியம் கிடைத்துவிட்டது.

ஷெட்டில் புதுப்பசை ஓடத் தொடங்கியது. சித்தி பக்கத்தில் நின்று அம்மாவிடம் எப்படித் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். ஒட்டிய பெட்டிகள் கட்டுக்கட்டாக மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டு ஸ்டோருக்குப் போயின. சித்திரை வெயில் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கரிசல் காட்டில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பு விட்டிருந்த நேரம்.

கலால் இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த மனிதர். எங்கள் ஊர் வெயிலையும் எங்கள் ஊர் காரத்தையும் தண்டனையாகவே அனுபவித்துக்கொண்டிருந்தவர். வந்தால் மோர் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அன்றும் குடித்தார். ஸ்டோருக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திருப்பினார். வரிச்சீட்டு தானாகக் கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது. இன்னொரு பெட்டியை எடுத்தார். அதுவும் விழுந்தது. ஒரு கட்டு முழுவதையும் எடுத்து உதறினார். இலையுதிர் காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"என்ன முதலாளி, உங்க ஊர்ல சீட்டுக்கு ஒட்டிக்கற வழக்கம் இல்லையா?"

விஷயம் வேடிக்கையானது அல்ல. சீட்டு இல்லாத பெட்டி, வரி கட்டாத பெட்டி. கிழியாத சீட்டு, இரண்டாம் முறை ஒட்டத் தயாராக இருக்கிற சீட்டு, அதாவது மோசடிக்கான சாதனம். பெட்டியும் இருந்தது, சீட்டும் இருந்தது, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதில்தான் அரசாங்கத்துக்குப் பிடிவாதம். கல்யாணச் சட்டம்கூட அவ்வளவு கண்டிப்பானதல்ல. இன்ஸ்பெக்டர் ஸ்டோரைப் பூட்டி முத்திரை வைத்தார். மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டு வருகிறேன், அதுவரை ஒரு குச்சியும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, மிச்ச மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா சித்தியைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒன் பரீட்சைக்கு என் லைசென்சுதான் கிடைச்சுதாக்கும்" என்றார்.

சித்தி சாப்பிடாமல் எழுந்து போனாள். அடுத்து வந்த நாட்களில் அவள் அறை ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆகிவிட்டது. வெயிலில் காய வைத்த பெட்டி, நிழலில் காய வைத்த பெட்டி, கிணற்றுத் தண்ணீர் விட்ட பசை, குடிதண்ணீர் விட்ட பசை என்று எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது. அதுதான் குற்றவாளி என்று முதலில் நினைத்தாள். அந்தத் தண்ணீரிலும் பசை சரியாகவே ஒட்டியது. அவள் அறையில் ஒட்டிய எந்தச் சீட்டும் கழலவில்லை. ஷெட்டில் ஒட்டிய எந்தச் சீட்டும் நிற்கவில்லை. டின் ஒன்றுதான், காகிதம் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

"ஒண்ணுமே புரியலக்கா" என்று அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மா அவள் தலையைக் கோதிக்கொடுத்தாள். "வெசனப்படாதட்டி. நாளைக்கு நானே ஒனக்கு ஷெட்டுல பண்ணுத மாதிரியே கலக்கித் தாரேன். நீ பக்கத்துல இருந்து பாரு."

மறுநாள் காலை அம்மா சட்டியை வைத்தாள். டின்னிலிருந்து வெள்ளைக் குழம்பை அள்ளிப் போட்டாள். அளவாகத் தண்ணீர் விட்டாள். சித்தி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா, மூச்சு விடுவது போல வெகு இயல்பாக, பக்கத்து மாடத்தில் கையை விட்டு நீலப் பொடியை அள்ளிச் சட்டியில் போட்டாள். வெள்ளைக் குழம்பு திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக ஆயிற்று. அம்மா கொஞ்சமும் அசரவில்லை. வெந்நீரை ஊற்றி, மத்தை எடுத்து மோர் கடைவது போலக் கடையத் தொடங்கினாள்.

"அக்கா. என்னத்தப் போட்ட?"

"துத்தம்."

"துத்தம் வேண்டாம்னு சொன்னேன்லா?"

"நீ சொல்லுவ. கரப்பான் கேக்குமா? படிச்சு வந்து மொத மொதலா ஒரு காரியம் செய்யுதே. பசை கெட்டு ஒன் பேரும் கெட்டுறக் கூடாதேன்னு தெனமும் ஒரு கை கூடவேதான் போட்டேன்."

சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஒட்டிக்கொண்டிருந்த பெண்களும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். அம்மா மட்டும் மத்தைக் கையில் பிடித்தபடி விழித்தாள். தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்க வேண்டிய பொடியை, துத்தம் முன்கூட்டியே கட்டியாக்கிவிடுகிறது என்றும், அதன்பின் கடைந்தாலும் கரைத்தாலும் அது தோலாகாமல் வெறும் மணலாகத்தான் காயும் என்றும் சித்தி விளக்கியபோது, அம்மாவின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. "தப்பு எம்மேலதான் அத்தான், நான் சரியாச் சொல்லிக் குடுக்கல" என்று சித்தி ஆரம்பித்தாள்.

"அவ சொன்னா. நாந்தான் போட்டேன்" என்றாள் அம்மா.

"இல்ல அத்தான், ஏன்னு காரணம் சொல்லிருக்கணும்."

"காரணஞ் சொன்னாலும் போட்டுத்தான் இருப்பேன்."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காளும் தங்கச்சியும் சண்டைக்கு வந்தா விலக்கி விடலாம். இப்படி ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்தா நான் யாரைன்னு ஏசுதது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது சித்தி நல்ல பெட்டியையும் கெட்ட பெட்டியையும் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா என் ஃபாரத்துல என்ன நடந்ததுன்னு எழுத இடம் இருக்கு, ஏன் நடந்ததுன்னு எழுத இடம் இல்லை" என்றார். துறையைப் பற்றி அதைவிடத் துல்லியமான வாக்கியத்தை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கேட்டதில்லை. சரக்கு வெளியே போகாததால் எச்சரிக்கையோடு விட்டார். உதிர்ந்த சீட்டுகளையெல்லாம் அவர் கண் முன்னாலேயே பழைய மைதாப் பசையால் மறுபடி ஒட்டினோம். மிச்சமிருந்த டின்னை அப்பா பரணில் ஏற்றினார். "இனிமே ஷெட்டுக்குள்ள கெமிஸ்ட்ரி வேண்டாம்."

அறிக்கை எழுதுவதா வேண்டாமா என்று சித்தி சில நாள் தயங்கினாள். சோதனை தோற்றுவிட்டது என்று எழுதி யாரிடம் வேலை கேட்பது? பிறகு உட்கார்ந்து எழுதினாள். நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை. அறிக்கையின் கடைசிப் பகுதியை அப்பாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினாள்: துத்தம் போடாதீர்கள் என்று டின்னின் மேல் அச்சடித்துப் பிரயோஜனமில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் போடாமல் இருக்க மாட்டார்கள். போட்டாலும் திரியாத பசையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்யலாம் என்று எனக்குச் சில யோசனைகள் இருக்கின்றன, உங்களிடம் எனக்கு வேலை கொடுத்தால் செய்து காட்டுகிறேன்.

"அவன் சரக்கு சரியில்லன்னு அவன்கிட்டயே எழுதி, அவன்கிட்டயே வேலையும் கேக்குத. நல்ல தைரியந்தான்" என்றார் அப்பா. தபால்தலைக்குக் காசு மட்டும் மறக்காமல் கொடுத்தார்.

அதே சமயம் எட்டயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. பஸ்ஸில் போய் வரலாம், மாதச் சம்பளம், மரியாதை. பள்ளி திறக்கும் முன் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். பம்பாயிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. அப்பா போகச் சொன்னார். பக்கத்து வீட்டார் போகச் சொன்னார்கள். போக வேண்டாம் என்று சொன்னது அம்மா ஒருத்திதான். "அவளுக்குப் பம்பாய்க்குத்தான் போணும்னு இருக்கு. இருக்கட்டும்." சித்தி அந்த வேலையை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடமும் திறந்தது, வேறொருத்தி சேர்ந்தும்விட்டாள். பம்பாய் மௌனமாகவே இருந்தது.

சித்தியின் வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சமீபத்தில் என்னைக் கேட்டார்கள். அவள் பம்பாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்தாள், சுவருக்கு அடிக்கும் பெயின்ட், மரத்துக்கு ஒட்டும் பசை, துணியில் பூ அச்சடிக்கும் சாயக்கூழ் என்று பலவற்றுக்கும் அடிப்படையான வெள்ளைக் குழம்புகளை உருவாக்கினாள், ஆய்வுக்கூடத்துக்கே தலைவியாகி ஓய்வு பெற்றாள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தாலும் அவள் சும்மா இருக்க மாட்டாள். தச்சுப் பட்டறை, பைண்டிங் கடை, வெள்ளையடிக்கிறவர் வீடு என்று போய் நிற்பாள். பசை எப்படி என்று கேட்க மாட்டாள். "இதுல நீங்க வேற என்ன போடுவீங்க அண்ணாச்சி?" என்றுதான் கேட்பாள். ஒன்றும் போட மாட்டோம் என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மரத்தூள் என்பார் ஒருவர், சுண்ணாம்பு என்பார் இன்னொருவர், சோற்றுக் கஞ்சி என்பார் மூன்றாமவர். சித்தி சந்தோஷமாகக் குறித்துக்கொள்வாள். அவள் செய்த பசைகள் இவர்கள் எல்லாரையும் தாங்கிக்கொண்டன. மனிதர்களைத் திருத்த முயன்ற துறையில் இருந்தவள் நான். எங்கள் இருவரில் யார் அதிகம் சாதித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சீட்டு உதிர்ந்த அந்த வருடம், மழைக்காலமும் வந்துவிட்டது. சித்தி தபாலை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள், அல்லது நிறுத்தியது போல இருந்தாள். அம்மா நிறுத்தவில்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்குப் பசைச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பாள்.

"நம்ம வீட்டுக்கு ஒண்ணும் இல்லையா அண்ணாச்சி?"

"இருந்தா குடுக்காம நானா வச்சுத் திங்கப் போறேன், தங்கச்சி?"

கடிதம் எழுதியது சித்தி, காத்திருப்பது அம்மா. இது என்ன ஏற்பாடு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது.

ஒரு நாள் விடாமல் மழை. கரிசல் மண் சைக்கிள் சக்கரத்தில் அப்பி, மட்கார்டு வரை அடைத்துக்கொண்டதால் தபால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மழைத்துணிக்குள்ளிருந்து நீளமான உறை ஒன்றை எடுத்து நீட்டினார். அம்மா அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றித் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ச் சித்தியின் கையில் கொடுத்தாள். சித்தி நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார்.

அம்மா ஷெட்டுக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். துத்தம் போட்டது யார் என்று பம்பாய்க்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், நன்றாக ஏசி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் தோளைத் தொட்டு, "அழாதம்மா, இனிமே போட மாட்டேன்னு சித்திய ஒரு லெட்டர் எழுதச் சொல்லுவோம்" என்றேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுகையோடு அழுகையாகச் சிரித்து, என்னை இழுத்து மூச்சு முட்டும்படி அணைத்துக்கொண்டாள். ஏச்சு வாங்கின ஒருத்தி எதற்காக இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும் என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

சித்திக்கு வேலை தருவதாகப் பதில் வந்தது நவம்பர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.